அயல்நாடு சென்ற படையும் அவையின் சொல்லும்

போடிநாயக்கனூரிலிருந்து மலைப்பாதையில் ஏறிப் போடிமெட்டைக் கடந்தால், ஏலத்தோட்டங்கள் நிறைந்த உடும்பஞ்சோலைப் பகுதி நம்மை எதிர்கொள்கிறது. பூப்பாறை, சாந்தன்பாறை, நெடுங்கண்டம் என ஊர்கள் மலைச்சரிவுகளில் பரந்து கிடக்கின்றன. தேனி மாவட்டத்துச் சிற்றூர்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறி, போடிமெட்டு வழியாகவும் கம்பம்மெட்டு வழியாகவும் தோட்ட வேலைக்கு வந்து, மாலையில் மலையிறங்கிச் செல்லும் தமிழர் பலர். தலைமுறை தலைமுறையாக அங்கேயே தங்கி, தோட்டத்து லயங்களிலும் சிறு காணிகளிலும் வாழ்வை அமைத்துக்கொண்டவரும் பலர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி, இரு மாநிலங்களின் நடுவே வாழும் மக்கள் அவர்கள்.

இத்தகைய மக்களுக்கும், அயல்நாட்டுக்குப் படை அனுப்புவது பற்றித் தில்லிப் பாராளுமன்றத்தில் நிகழும் விவாதத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக்கூடும். தொடர்பு உண்டு. தமிழகத்திலிருந்து தோட்டத் தொழிலுக்காகக் குடிபெயர்ந்தவர் எல்லோரும் மேற்கு மலைக்கு மட்டும் வந்தாரில்லை. கடல் கடந்து இலங்கையின் மலையகத்துக்கும் சென்றனர். அங்குச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆம் நாள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை, அவர்களுள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அவ்வாறு திரும்பி வந்தவர்களில் ஒரு பகுதியினர் கேரளத்திலும் குடியேற்றப்பட்டனர். பெரியாற்றுக் காட்டை அடுத்த கவியின் ஏலத்தோட்டங்களிலும், புனலூரின் இரப்பர்த் தோட்டங்களிலும் அவர்கள் வாழ்க்கையை மீண்டும் தொடங்கினர். ஆகவே 1987இல் இந்தியப் படை இலங்கையில் இறங்கியபோது, அச்செய்தி இம்மலைநாட்டுத் தமிழர் பலருக்கு அயல்நாட்டுச் செய்தியாக இருக்கவில்லை. உறவினர் வாழும் நாட்டுக்குத் தம் நாட்டின் படை செல்லும் செய்தியாக இருந்தது.

இவ்விடத்தில் ஒன்று கருதத்தக்கது. 1956ஆம் ஆண்டில் மாநிலங்கள் மொழிவழி திருத்தி அமைக்கப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அம்முடிவைப் பற்றி இரு பக்கத்திலும் மனக்குறை இருந்ததுண்டு. ஆயினும் அது சட்ட முன்வரைவாகப் பாராளுமன்றத்தின் முன் வந்து, விவாதிக்கப்பட்டு, வாக்கெடுப்பால் நிறைவேறிய முடிவு. ஒரு வட்டத்தை ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றவும் பாராளுமன்றத்தின் சட்டம் வேண்டும் என்று நமது அரசியலமைப்பின் 3ஆம் பிரிவு விதிக்கிறது. ஆனால் ஆயிரக்கணக்கான வீரர்களை வேறொரு நாட்டுக்கு அனுப்ப அத்தகைய சட்டமோ, முன்கூட்டிய வாக்கெடுப்போ வேண்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் கூறப்படவில்லை. இந்த வேறுபாடு ஏன் வந்தது, அதனால் நேர்ந்தது என்ன என்பதைச் சில நிகழ்ச்சிகளின் வாயிலாகக் காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

பண்டை நாளில் படை செலுத்துவது மன்னனின் உரிமையாகவே இருந்தது. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடவோலை முறையால் ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்ததைக் கூறுகின்றன. ஏரியைப் பராமரிக்கவும் தோட்டத்தைக் கண்காணிக்கவும் ஊரார் தம்முள் தகுதியுடையோரைத் தெரிந்தெடுத்தனர். ஆயினும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1025 அளவில், முதலாம் இராசேந்திரன் கடல் கடந்து ஸ்ரீவிசயத்தின்மேல் கப்பற்படை செலுத்தியபோது எந்த ஊர்ச்சபையும் அதற்கு ஒப்புதல் அளித்ததாக நாம் அறியோம். ஏரி ஊரார் கையில் இருந்தது. போர் அரசன் கையில் இருந்தது.

குடியரசில் நிலைமை மாறியிருக்க வேண்டும். ஓரளவுக்கு மாறியும் இருக்கிறது. முப்படைகளின் உச்சத் தலைமை குடியரசுத் தலைவரிடம் உள்ளது என்றும், அது சட்டப்படியே செலுத்தப்பட வேண்டும் என்றும் 53ஆம் பிரிவு கூறுகிறது. நாட்டின் பாதுகாப்பு, படைகள், அயல்நாட்டு உடன்படிக்கைகள், போரும் சமாதானமும் ஆகியவை மத்திய அரசின் அதிகாரப் பட்டியலில் அடங்கியவை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று 75ஆம் பிரிவு விதிக்கிறது. படைக்கு வேண்டிய பணத்தை மக்களவையே வழங்குகிறது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டால் ஒரு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதலையும் பெற்றாக வேண்டும். ஆனால் படை அயல்நாடு செல்வதையும், அயல்நாட்டோடு உடன்படிக்கை கையெழுத்தாவதையும் அமைச்சரவையே முடிவு செய்யலாம். பாராளுமன்றம் அதன்பின் கேட்கலாம், கண்டிக்கலாம், பணத்தை மறுக்கலாம், அமைச்சரவையையே நீக்கவும் செய்யலாம். சுருங்கக் கூறின், அமைச்சரவை முன்னே நடக்கிறது. பாராளுமன்றம் பின்னே வருகிறது.

இவ்வாறு பின்னே வரும் அவையின் சொல்லுக்குப் பயன் உண்டா? உண்டு என்பதே வரலாறு காட்டும் விடை. ஆனால் அச்சொல் உரிய காலத்தில் சொல்லப்பட வேண்டும். திருவள்ளுவர் அரசியலைக் கூறுமிடத்துத் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். செயலின் பயனை ஆராய்வதும், தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எண்ணுவதும், காலத்தையும் இடத்தையும் அறிவதும் செயலில் இறங்குமுன் செய்ய வேண்டியவை என்பது அவ்வரிசையால் விளங்கும். இன்றைய மொழியில் கூறுவதானால், படை புறப்படுமுன் மூன்று வினாக்களுக்கு விடை வேண்டும். எதற்காகச் செல்கிறது? எதுவரை செல்லும்? எப்போது திரும்பும்?

குடியரசு தோன்றிய ஆண்டிலேயே இவ்வினாக்கள் நம்முன் எழுந்தன. 1950 ஜூன் 25ஆம் நாள் கொரியாவில் போர் மூண்டது. வட கொரியப் படை 38ஆம் அகலக்கோட்டைக் கடந்து தெற்கே புகுந்தது. தாக்குதலைக் கண்டித்த ஐக்கிய நாடுகள் சபையின் தீர்மானத்தை இந்தியா ஏற்றுக்கொண்டது. ஏற்றபின், படை அனுப்ப வேண்டுமா என்ற வினா எழுந்தது. தீர்மானத்தை ஏற்றதே மேலை வல்லரசுகளின் பக்கம் சாய்வதாகுமோ என்று ஐயுற்றோர் இருந்தனர். ஏற்றபின் போர்ப்படை அனுப்பாதிருப்பது பொருந்துமோ என்று வினவியோரும் இருந்தனர். 1950 ஆகஸ்டு 3ஆம் நாள் பண்டித நேரு இப்பொருளைத் தற்காலிகப் பாராளுமன்றத்தின் முன் வைத்து, தம் அரசாங்கத்தின் நிலையை விளக்கினார். அவை அந்நிலையை ஆதரித்தது.

இந்தியா போரிடும் படையை அனுப்பவில்லை. காயமுற்றோருக்குச் சிகிச்சை செய்யும் 60ஆம் பாராசூட் மருத்துவப் பிரிவை அனுப்பியது. அப்பிரிவுக்குத் தலைமை தாங்கிச் சென்றவர் லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் என்னும் தமிழர். 1951 மார்ச்சு மாதத்தில் முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்க வான்குடைப் படையினரோடு அவரும் அவருடைய மருத்துவர்களும் வானிலிருந்து குதித்து, போர்க்களத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்தனர். அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பட்டது. போர் ஓய்ந்தபின், தாய்நாடு திரும்ப விரும்பாத 22,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகளைக் காவல் காக்கும் பொறுப்பு இந்தியப் படைக்கு வந்தது. அதற்கான நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குக் குடகு நாட்டவரான ஜெனரல் திம்மய்யா தலைமை வகித்தார். பணி முடிந்ததும் 1954இல் படை திரும்பியது. எதற்காகச் சென்றது, எதுவரை, எப்போது திரும்பும் என்ற மூன்று வினாக்களுக்கும் அங்கே தெளிவான விடை இருந்தது.

போர் நடக்கும் வேளையில் அவையில் பேச்சு எதற்கு, அது பகைவனுக்கு அன்றோ உதவும் என்று கருதுவோர் உண்டு. அவர்கள் 1962ஆம் ஆண்டை நினைத்துப் பார்த்தல் நலம். அவ்வாண்டு அக்டோபர் 20ஆம் நாள் சீனப்படை எல்லையில் பெருந்தாக்குதல் தொடங்கியது. எதிர்க்கட்சியினர் வேண்டியபடி பாராளுமன்றம் முன்கூட்டியே நவம்பர் 8ஆம் நாள் கூட்டப்பட்டது. எல்லையில் போர் நடந்துகொண்டிருக்கும்போதே மக்களவையில் 165 உறுப்பினர்கள் பேசினர். ஆயத்தக் குறைவைப் பற்றிக் கடுமையான சொற்கள் எழுந்தன. விவாதத்தின் முடிவில், படையெடுத்தவனை வெளியேற்றும் உறுதியைக் கூறும் தீர்மானத்தை உறுப்பினர் அனைவரும் எழுந்து நின்று நிறைவேற்றினர். அந்நாளில் தமிழகத்தின் திராவிட முன்னேற்றக் கழகமும் பிரிவினைக் கோரிக்கையை ஒதுக்கிவைத்து நாட்டின் பாதுகாப்புக்குத் துணை நின்றது. குறை கூறியதால் நாடு பிளவுபடவில்லை. கூறி முடித்தபின் ஒன்றுபட்டது.

1971ஆம் ஆண்டு மற்றொரு பாடம். மார்ச்சு 25ஆம் நாள் இரவில் கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் படை மக்கள்மீது அடக்குமுறையைக் கட்டவிழ்த்தது. ஆறே நாளில், மார்ச்சு 31ஆம் நாள், பிரதமர் இந்திரா காந்தி கொண்டுவந்த தீர்மானத்தைப் பாராளுமன்றம் ஒருமனதாக ஏற்று, அம்மக்களுக்கு ஆதரவு தெரிவித்தது. அதன்பின் டிசம்பர் வரை எட்டு மாதங்கள் அப்பொருள் அவையின் முன் மீண்டும் மீண்டும் வந்தது. ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்துவிட்டனர். டிசம்பர் 3ஆம் நாள் பாகிஸ்தான் விமானங்கள் மேற்கே தாக்கியதும் போர் வெளிப்படையாக மூண்டது. 6ஆம் நாள் வங்காள தேசத்துக்கு அங்கீகாரம் அளித்த செய்தியும், 16ஆம் நாள் டாக்காவில் பகைவர் படை பணிந்த செய்தியும் பாராளுமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டன. 1972 மார்ச்சு மாதத்தில் இந்தியப் படை அந்நாட்டை விட்டுத் திரும்பியது. செல்லும் நோக்கத்தை நாடு முன்பே அறிந்திருந்தது. திரும்பும் காலமும் நீளவில்லை.

இனி, தமிழர் நெஞ்சில் ஆறாத வடுவாகிய 1987ஆம் ஆண்டுக்கு வருவோம்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து அகதிகள் இராமேசுவரத்தில் வந்திறங்கிய வண்ணம் இருந்தனர். 1987இல் யாழ்ப்பாணம் முற்றுகையில் தவித்தது. ஜூன் 3ஆம் நாள் இந்தியாவிலிருந்து உணவும் மருந்தும் ஏற்றிச் சென்ற படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியது. மறுநாள் ஐந்து இந்திய விமானங்கள், போர் விமானங்களின் காவலோடு பறந்து, யாழ்ப்பாணத்தின்மேல் நிவாரணப் பொருள்களை இறக்கின. ஜூலை 29ஆம் நாள் கொழும்பு நகரில் பிரதமர் இராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜயவர்த்தனாவும் உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். மறுநாளே இந்திய அமைதிகாப்புப் படை யாழ்ப்பாணத்தில் இறங்கத் தொடங்கியது. கையெழுத்துக்கும் படையிறக்கத்துக்கும் இடையே ஒரு நாள்கூட முழுமையாக இல்லை. பாராளுமன்றம் கேட்டது பின்னரே.

அவ்வுடன்படிக்கையில் இரு நோக்கங்கள் இணைந்திருந்தன. தமிழர் வாழும் வடக்கு கிழக்கு மாகாணங்களை இணைத்து அவற்றுக்கு அதிகாரப் பகிர்வு அளிப்பது ஒன்று. இந்தியாவின் பாதுகாப்பு மற்றொன்று. இரு தலைவர்களும் மாற்றிக்கொண்ட கடிதங்களில், திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குக் கேடு தரும் வகையில் எந்த நாட்டின் இராணுவத்துக்கும் அளிப்பதில்லை என்றும், அயல்நாட்டு இராணுவ, உளவு அலுவலர்களின் இருப்பைப் பற்றி இரு நாடுகளும் கலந்து பேசும் என்றும் கூறப்பட்டது. அயல்நாட்டு வானொலி நிறுவனங்கள் இலங்கையில் அமைத்த நிலையங்களை இராணுவத்துக்கோ உளவுக்கோ பயன்படுத்தலாகாது என்ற உறுதியும் அதில் இடம்பெற்றது. வானொலி அலையும் நாட்டுப் பாதுகாப்பின் ஒரு கூறு எனக் கருதப்பட்டதை வானொலி நேயர்களாகிய நீங்கள் கவனிக்கலாம்.

உடன்படிக்கை கையெழுத்தான 48 மணி நேரத்துக்குள் போர் நிறுத்தம், அதன்பின் 72 மணி நேரத்துக்குள் போராளிகள் ஆயுதங்களை ஒப்படைத்தல் என விதிக்கப்பட்டது. வேண்டுமாயின் போர் நிறுத்தத்துக்கு உத்தரவாதம் தரவும் அதனைச் செயற்படுத்தவும் இந்தியப் படையை இலங்கைக் குடியரசுத் தலைவர் அழைக்கலாம் என்றும் இணைப்பில் கூறப்பட்டது. ஆனால் களத்தில் வலிமை மிக்கிருந்த விடுதலைப் புலிகள் இயக்கம் அவ்வுடன்படிக்கையில் கையெழுத்திட்டதில்லை. ஆயுதத்தை ஒப்படைக்க ஒரு தரப்பு மறுத்தால் என்ன செய்வது? அமைதி காக்கச் சென்ற படை போரிட வேண்டுமா? போரிட்டால் யாருக்காக, யாரை எதிர்த்து? திரும்புவதற்கு நாள் எது? இவ்வினாக்களை எழுப்பி, விடை பெற்று, அவ்விடையை ஏட்டில் பதித்துவைக்கும் இடமாகப் பாராளுமன்றம் இருந்திருக்க வேண்டும்.

அஃது ஏன் நிகழவில்லை? உடன்படிக்கைக்குத் தொடக்கத்தில் நாட்டில் பரவலான வரவேற்பு இருந்தது. அமைதி வரும் என்ற நம்பிக்கையில் பல கட்சிகள் அதனை ஆதரித்தன. அன்றைய மக்களவையில் ஆளுங்கட்சிக்கு 400க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் இருந்தனர். 1985இல் நிறைவேறிய கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கட்சியின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் தம் இடத்தை இழக்க நேரும். தமிழகத்தின் 39 மக்களவை இடங்களில் 37, ஆளுங்கட்சியிடமும் அதன் தோழமைக் கட்சியாகிய அண்ணா தி.மு.க.விடமும் இருந்தன. தி.மு.க.வுக்கு இரண்டே இடங்கள். பாதுகாப்புத் துறையைத் தொடர்ந்து ஆராயும் நிலைக்குழுவும் அந்நாளில் பாராளுமன்றத்தில் இல்லை. அத்தகைய குழுக்கள் 1993இல்தான் அமைந்தன. ஆகவே வினாக்களை முன்கூட்டியே ஆராயும் வாய்ப்பு குறைந்திருந்தது.

அக்டோபர் 10ஆம் நாள் விடுதலைப் புலிகளோடு போர் மூண்டது. அமைதி காக்கச் சென்ற படை, எந்த மக்களைக் காக்கச் சென்றதோ அவர்கள் வாழும் தெருக்களிலேயே போரிட்டது. அம்மாத இறுதிக்குள் யாழ்ப்பாண நகரம் அதன் கைக்கு வந்தது. பொதுமக்கள் பட்ட துன்பம் சொல்லுந்தரமன்று. அக்டோபர் 21, 22 நாட்களில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் பணியாளருமாக 60க்கு மேற்பட்டோர் இந்தியப் படையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். இந்திய வீரர்களும் பெருந்தொகையாக மடிந்தனர். பம்பாயில் 1946இல் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மேஜர் இராமசாமி பரமேசுவரன், மகார் ரெஜிமென்டின் 8ஆம் பட்டாளத்தைச் சேர்ந்தவர். நவம்பர் 25ஆம் நாள் பதுங்கியிருந்து தாக்கிய புலிகளோடு போரிட்டு மார்பில் குண்டேந்தி வீழ்ந்தார். அப்படைக்கு வழங்கப்பட்ட ஒரே பரம்வீர் சக்கரம் அவருடையது. வெளிமாநிலத்தில் பிறந்து வளர்ந்த தமிழர் ஒருவர், இந்திய நாட்டின் சீருடையில், தமிழ் பேசும் மண்ணில், தமிழர் கைக்குண்டால் உயிர் நீத்தார். இதனினும் துயரமான ஒன்றை நம் அண்மை வரலாற்றில் காண்பது அரிது.

அமைதிப் பணி போராக மாறிய அந்த அக்டோபர் மாதத்திலும், இப்புதிய பணிக்கு அவையின் ஒப்புதல் வேண்டும் என்று எந்தச் சட்டமும் அரசாங்கத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. படையின் பெயர் அமைதிகாப்புப் படை என்றே நின்றது. பணி மட்டும் மாறியது. பாராளுமன்றத்தில் எதிர்ப்புக் குரல்கள் எழாமல் இல்லை. மாநிலங்களவையில் தி.மு.க. உறுப்பினர் வை. கோபால்சாமி இராணுவ நடவடிக்கையைத் தொடர்ந்து கடுமையாகக் கண்டித்தார். படையை அனுப்பியது நாட்டின் பாதுகாப்புக்கும் இலங்கையின் ஒருமைப்பாட்டுக்கும் வேண்டியதே என்பது அரசாங்கத்தின் வாதம். இரு வாதங்களும் அவையில் ஒலித்தன. ஆனால் அதற்குள் படை ஆழமாக இறங்கிவிட்டது.

திரும்பும் நாளையும் நாம் வகுக்கவில்லை. 1989இல் இலங்கையின் புதிய குடியரசுத் தலைவர் பிரேமதாசா, படை வெளியேற வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டார். அவ்வாண்டு இறுதியில் இந்தியாவில் ஆட்சி மாறியது. 1990 மார்ச்சு 24ஆம் நாள் கடைசிப் பிரிவு திருகோணமலையிலிருந்து கப்பலேறியது. 32 மாதங்களில் ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிர் இழந்திருந்தனர். திரும்பி வந்த படையைச் சென்னைத் துறைமுகத்தில் வரவேற்கத் தமிழக முதலமைச்சர் கருணாநிதி செல்லவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க இயலாது என்று அவர் கருதினார். கட்டளைக்குப் பணிந்து உயிரைக் கொடுத்த வீரரை அவமதிப்பதா என்று மற்றவர் வருந்தினர். 1991 மே 21ஆம் நாள் திருப்பெரும்புதூரில் இராஜீவ் காந்தி கொலையுண்டது இத்துயரத் தொடரின் உச்சம்.

வீரர் தாமாகச் செல்வதில்லை, அனுப்பப்படுகின்றனர். அனுப்பும் முடிவை நாடு தன் முடிவாக ஆய்ந்து ஏற்றிருந்தால், திரும்பி வருவோரை வரவேற்கும் கடமையும் நாட்டுக்குப் பொதுவாக இருக்கும். முடிவு சிலருடையதாக இருந்தால், இழப்பு மட்டும் எல்லோருடையதாகவும், துயரம் அவரவர் வீட்டதாகவும் போய்விடும். விவாதத்தின் முதற்பயன் இதுவே.

இதற்கு மாறான வாதமும் நேர்மையாகக் கூறப்பட வேண்டும். சில வேளைகளில் விரைவும் மறைவும் இன்றியமையாதவை. 1988 நவம்பர் 3ஆம் நாள் மாலத்தீவில் கூலிப்படையினர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்றனர். அந்நாட்டுக் குடியரசுத் தலைவர் கயூம் உதவி வேண்டினார். அன்றிரவே ஆக்ராவிலிருந்து இந்திய வான்குடை வீரர் பறந்து சென்று இறங்கினர். சில மணி நேரத்தில் ஆட்சி காக்கப்பட்டது. அங்கே பாராளுமன்றத்தைக் கூட்டி ஒப்புதல் பெறக் காத்திருந்தால் உதவி பயனற்றுப் போயிருக்கும். மெய்தான். ஆனால் ஓரிரவில் முடியும் பணி வேறு. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீளும் பணி வேறு. முன்னதற்குப் பின்னர் விளக்கம் தந்தால் போதும். பின்னதற்கு அவையின் தீர்ப்பு இடையிடையேனும் வேண்டும்.

பிற நாடுகள் இதனை எவ்வாறு தீர்த்தன? அமெரிக்காவில் வியத்நாம் போரின் படிப்பினையால் 1973இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. படையைப் போரில் இறக்கிய குடியரசுத் தலைவர் 60 நாட்களுக்குள் காங்கிரசு சபையின் அனுமதியைப் பெறாவிடில் அதனைத் திரும்ப அழைக்க வேண்டும் என அது கூறுகிறது. அச்சட்டம் எப்போதும் முழுமையாகப் பின்பற்றப்பட்டதில்லை என்பது வேறு. ஜெர்மனியில் ஆயுதப் படை வெளிநாடு செல்லப் பாராளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று 1994இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரிட்டனில் எழுதப்பட்ட விதி இல்லை. ஆயினும் 2013 ஆகஸ்டில் சிரியாமீது இராணுவ நடவடிக்கைக்கு அரசாங்கம் கோரிய ஆதரவைக் காமன்ஸ் சபை 285க்கு 272 என்ற வாக்குகளால் மறுத்தது. அரசாங்கமும் அதற்குப் பணிந்தது.

நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டு ஒரு நல்ல எடுத்துக்காட்டைத் தந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவும் அதன் தோழமை நாடுகளும் ஈராக்கில் படையெடுத்தன. அதனைக் கண்டிப்பதா, வருத்தம் தெரிவிப்பதா என்று நம் பாராளுமன்றத்தில் பெரும் வாதம் நிகழ்ந்தது. முடிவில் இந்தியில் ‘நிந்தா’ என்ற சொல்லை இட்டு, ஏப்ரல் 8ஆம் நாள் மக்களவை ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஒரு சொல்லுக்காக இத்தனை வாதமா என்று சிலர் நகைத்தனர். ஆனால் சில வாரங்களில், ஈராக்கில் அமைதி காக்க இந்தியப் படையை அனுப்புமாறு அமெரிக்கா வேண்டியபோது, அவ்விவாதத்தின் பயன் தெரிந்தது. பிரதமர் வாஜ்பாய் எதிர்க்கட்சித் தலைவர்களைக் கலந்தார். ஐக்கிய நாடுகள் சபையின் தெளிவான ஆணையின்றிப் படை அனுப்ப இயலாது என்று ஜூலை 14ஆம் நாள் அரசாங்கம் அறிவித்தது. அவையில் முன்பே பதிந்த சொல், முடிவெடுக்கும் வேளையில் எடைபோட்டு நின்றது. இலங்கையில் கற்ற பாடமும் அன்று பலர் நினைவில் இருந்தது என்பதில் ஐயமில்லை.

நேயர்களே! இனி உடும்பஞ்சோலைக்குத் திரும்புவோம். அங்கே வாழும் தமிழர் இடுக்கி மக்களவைத் தொகுதியின் வாக்காளர். மலைக்குக் கீழே வாழும் அவர்தம் உறவினர் தேனித் தொகுதியின் வாக்காளர். இரு உறுப்பினர்களும் ஒரே அவையில் அமர்கின்றனர். மொழியால் சிறுபான்மையர் என்பதால் அவர்கள் குரல் அவ்வவையில் குறைந்து ஒலிக்க வேண்டும் என்ற விதி இல்லை. தம் குறையைத் தீர்க்குமாறு மத்திய அரசின் எந்த அதிகாரிக்கும் அந்நாட்டில் வழங்கும் எந்த மொழியிலும் விண்ணப்பம் அளிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று அரசியலமைப்பின் 350ஆம் பிரிவு கூறுகிறது. இந்தியிலோ ஆங்கிலத்திலோ செவ்வனே பேச இயலாத உறுப்பினர், அவைத்தலைவரின் அனுமதியோடு தம் தாய்மொழியில் பேசலாம் என்று 120ஆம் பிரிவு இடந்தருகிறது. எம்மாநிலத்தில் வாழ்ந்தாலும் இவ்வுரிமைகள் நம்மைத் தொடர்ந்து வருகின்றன.

தேர்தல் வேளையில் சாலை, குடிநீர், பட்டா, கூலி ஆகியவற்றைக் கேட்கிறோம், கேட்கவும் வேண்டும். அதனோடு மற்றொன்றையும் நம் உறுப்பினரிடம் கேட்டுவைத்தல் தகும். நாட்டின் படை கடல் கடக்கும் நாள் மீண்டும் வருமானால், அவையில் எழுந்து அந்த மூன்று வினாக்களையும் கேட்பாரா? 1964இல் இலட்சக்கணக்கான தோட்டத் தொழிலாளரின் நாடு எது என்பதை அவர்களைக் கேளாமலே தீர்மானித்தனர். 1987இல் வீரரை அனுப்பியபின் அவைக்குச் சொன்னார்கள். இரு முடிவுகளின் சுமையையும் தாங்கிய குடும்பங்கள் இம்மலைச்சரிவுகளில் இன்றும் வாழ்கின்றன. போரையும் சமாதானத்தையும் பற்றிய வினா தில்லியில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்?